மலாய் தெரிந்தவர் இந்தோனேசிய மருத்துவ ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கலாமா?

பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் கேட்டிருப்பது இது. மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் சிகிச்சைக்காகப் பினாங்கு வரும் இந்தோனேசிய நோயாளிகள், தங்கள் ஊர் மருத்துவமனை தந்த தாள்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருமாறு அவரை நாடுகிறார்கள். மலாயும் இந்தோனேசிய மொழியும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆங்கிலமும் தமக்கு நன்றாக வரும், ஆகவே இதைத் தொழிலாகச் செய்ய இன்னும் என்ன வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

செய்யலாம் என்பதே என் பதில். ஆனால் மலாய் உங்களை வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே நுழைந்ததும் அதே மலாய்தான் காலை வாரிவிடும். நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது பெரும்பாலும் இந்தோனேசிய இலக்கணத்தையன்று. இந்தோனேசிய மருத்துவர்களும் செவிலியர்களும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒரு சுருக்கெழுத்து முறையை. அது பாதி டச்சு, கால்பங்கு லத்தீன், மிச்சம்தான் இந்தோனேசிய மொழி.

முதலில் மலாய் இடறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மலாயில் ‘ஹொஸ்பித்தால்’ என்பது அங்கே ‘ருமா சாகித்’. ‘ஜூருராவாத்’ என்பது அங்கே ‘பெராவாத்’. இவற்றால் ஆபத்தில்லை, ஏனெனில் தெரியாத சொல்லைக் கண்டால் எவரும் அகராதியைத் திறப்பார். ஆபத்து, தெரிந்த சொல் போலத் தோன்றுபவற்றில் இருக்கிறது. ‘பெர்ச்சுமா’ என்றால் மலேசியாவில் இலவசம், இந்தோனேசியாவில் பயனற்றது. இலவச சிகிச்சை என்று நீங்கள் மலாய் வழக்கில் எழுதிக் கொடுத்தால், மேடான் நோயாளி அதை வீண் சிகிச்சை என்று படிப்பார். ‘பூசிங்’ உங்களுக்குத் திரும்புதல், சுற்றுதல். அவர்களுக்கு அது தலைச்சுற்றல், பல நேரங்களில் வெறும் தலைவலியும்கூட. உங்கள் ஊரில் ‘டொக்டோர்’ மருத்துவர். இந்தோனேசியாவில் மருத்துவர் ‘டொக்தர்’, முனைவர் பட்டம் பெற்றவரே ‘டொக்டோர்’. எழுத்தில் மருத்துவருக்குச் சிறிய ‘டி’, முனைவருக்குப் பெரிய ‘டி’ என்ற வேறுபாடு கையொப்பத்தில் கறாராகப் பேணப்படுகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், கையொப்பமிட்டவர் சிகிச்சை தந்த மருத்துவரா என்பது விளங்குமாறு பட்டத்தை விரித்து எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.

டச்சு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பல குறிகள் தாமாகவே அவிழும். 1851இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், ஜாவா மருத்துவர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் அது ஸ்டோவியா என்ற பெயரில் முழு மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. ஸ்டோவியா காலத்திலிருந்து ஜப்பானியர் 1942இல் வரும்வரை அந்நாட்டின் மருத்துவக் கல்வி டச்சு மொழியில் நடந்தது. டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய வார்டுச் சொற்கள் போகவில்லை. நோயாளி ‘ஓ.கே.’வுக்கு மாற்றப்பட்டார் என்று குறிப்பில் இருந்தால், அவர் நலமாக இருக்கிறார் என்று பொருள் கொள்ளாதீர்கள். அறுவை அரங்கு என்பதற்கான டச்சுச் சொல்லின் சுருக்கம் அது. ‘வி.கே.’ என்றால் பிரசவ அறை. ‘ஒப்னாமெ’ என்றால் மருத்துவமனையில் சேர்த்துத் தங்க வைத்தல். ‘கொன்ட்ரோல்’ என்றால் கட்டுப்பாடன்று, மறுபரிசோதனைக்கு வருதல். ‘ஒரு வாரம் கழித்துக் கொன்ட்ரோல்’ என்பதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதியவர்களின் வேலையைத் திருத்தியிருக்கிறேன். படிக்கும் மருத்துவருக்கு எதைக் கட்டுப்படுத்தச் சொல்கிறார்கள் என்று புரியாது. ‘ஸ்டாத்துஸ்’ என்றால் நோயாளியின் கோப்பு. ‘ரெசூமே மேடிஸ்’ என்பது வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம்; வேலைக்கு அனுப்பும் தன்விவரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவற்றுள் மிகவும் கெட்டது ‘டீஃபுஸ்’ என்ற சொல். பேச்சில் இது ‘டீபெஸ்’ என்று ஒலிக்கும். டச்சிலும் இந்தோனேசிய மொழியிலும் இது டைஃபாய்டு காய்ச்சலைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ இதே எழுத்துகளுடன் இருக்கும் டைஃபஸ் வேறொரு நோய். பேன், உண்ணி, தெள்ளுப்பூச்சி போன்றவற்றால் பரவுவது, கிருமியும் வேறு, மருந்தும் வேறு. ஆய்வுத் தாளில் டைஃபாய்டுக்கான விடால் என்ற இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தால் மருத்துவர் மனத்தில் இருந்தது டைஃபாய்டு என்பது தெளிவாகும். நோயின் பெயரை மட்டும் பார்க்காமல் தாள் முழுவதையும் படித்த பிறகே முதல் வரியை எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

சுருக்கெழுத்துகளின் இன்னொரு தொல்லை, ஒரே சுருக்கம் இரண்டு மூன்று பொருளில் ஒரே பக்கத்தில் வருவது. ‘கே.யு.’ என்பது தாளின் தலைப்பகுதியில் வந்தால் நோயாளியின் முதன்மைக் குறை. உடல் பரிசோதனைப் பகுதியில் வந்தால் பொது உடல்நிலை. ‘டி.பி.’ என்பது எடைக்குப் பக்கத்தில் இருந்தால் உயரம், நுரையீரல் பகுதியில் இருந்தால் காசநோய். உயரம் 165 சென்டிமீட்டர் என்ற குறிப்பு அவசரத்தில் காசநோய் வரலாறாக மாறினால், அந்த மனிதரின் விசா விண்ணப்பம் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ‘ஓ.எஸ்.’ என்பது கைக்குறிப்புகளில் ‘ஓராங் சாகித்’, அதாவது நோயாளி. கண் பிரிவில் அதுவே லத்தீனில் இடது கண். ‘எஸ்.சி.’ என்பது மகப்பேற்றுக் குறிப்பில் சிசேரியன், மருந்துப் பட்டியலில் தோலுக்கடியில் போடும் ஊசி. ‘பி.ஏ.’ என்பது மார்பு எக்ஸ்ரேயில் படம் எடுத்த திசை. கட்டியை வெட்டி அனுப்பிய சீட்டில் திசு நோயியல் ஆய்வு. ஆகவே நீங்கள் வைத்துக்கொள்ளும் சொற்பட்டியலில் சுருக்கத்துக்கு எதிரே பொருளை மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பிரிவின் தாளில், எந்தக் கட்டத்தில் வந்தது என்பதையும் எழுத வேண்டும். அச்சான அகராதி எதுவும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்து தராது.

மருந்துச் சீட்டு தனி உலகம். நான் இதில் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனெனில் பிழை நேராக நோயாளியின் வாய்க்குள் போகும் இடம் இதுதான். மலேசியாவில் நீங்கள் பழகிய தசமப் புள்ளி இந்தோனேசியாவில் காற்புள்ளி. ஆயிரங்களைப் பிரிக்கும் காற்புள்ளி அங்கே புள்ளி. டெங்கு நோயாளியின் தட்டணு எண்ணிக்கை 45.000 என்று அவர்கள் எழுதினால் அது நாற்பத்தைந்தாயிரம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் 2,5 மில்லிகிராம் என்று எழுதினால் அது இரண்டரை மில்லிகிராம். மங்கிய நகலில் காற்புள்ளி விழுந்துபோனால் இருபத்தைந்து. எண்களைத் தட்டச்சு செய்து முடித்ததும், சொற்களை மறந்துவிட்டு எண்களை மட்டும் மூலத்தோடு மறுபடி ஒப்பிடும் ஒரு சுற்று கட்டாயம் வேண்டும். ‘3 x 1’ என்றால் நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒன்று. ஆங்கிலத்தில் அந்தப் பெருக்கல் குறியை விட்டுவிட்டு வாக்கியமாகவே எழுதுங்கள்.

கரண்டி அளவுகளும் லத்தீனில் இருக்கும். ‘சி.டி.எச்.’ என்றால் தேநீர்க் கரண்டி, 5 மில்லிலிட்டர். தனித்த பெரிய ‘சி’ என்றால் சாப்பாட்டுக் கரண்டி, 15 மில்லிலிட்டர். குழந்தைக்குத் தரும் சிரப்பில் இவற்றை மாற்றிப் படித்தால் அளவு மும்மடங்காகிவிடும். இதைவிடச் சூட்சுமமானது ‘பூயர்’. மாத்திரைகளை இடித்துக் கலந்து சிறு பொட்டலங்களாக மடித்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் இந்தோனேசியாவில் பரவலாக இருக்கிறது; பெயரே டச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். சீட்டில் பாராசிட்டமால் 100 மில்லிகிராம் என்று எழுதி, கீழே பொட்டலம் பத்து என்று போட்டிருந்தால், அந்த நூறு மில்லிகிராம் ஒவ்வொரு பொட்டலத்துக்குமா, பத்துப் பொட்டலத்துக்கும் சேர்த்தா? விடை ‘டி.டி.டி.’ என்ற மூன்றெழுத்தில் இருக்கிறது. இத்தகைய அளவுகளாகக் கொடு என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. அது இருந்தால் ஒவ்வொரு பொட்டலத்திலும் நூறு. இல்லாவிட்டால் நூறைப் பத்தாகப் பிரிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இம்மூன்று எழுத்தை அலங்காரம் என்று கருதி விட்டுவிட்டால் வேறுபாடு பத்து மடங்கு. குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே, இரண்டு ‘டி’ மட்டும் வந்தால் மருந்துச் சீட்டில் அது ‘ஒரு நாளைக்கு’, நோய் நிர்ணயப் பகுதியில் ‘வேறு எந்த நோயாகவும் இருக்கலாம்’ என்ற பட்டியல்.

நோயாளியின் சொந்த வார்த்தைகளுக்கு வருவோம். இங்கே தமிழர் என்ற முறையில் உங்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ‘காக்கி’ என்ற சொல் தொடையிலிருந்து விரல்வரை எல்லாவற்றையும் குறிக்கும், ‘தாங்கான்’ தோளிலிருந்து விரல்வரை. நாமும் கால் என்றும் கை என்றும் அப்படித்தான் பேசுகிறோம். ஆங்கிலம்தான் பிரித்துக் கேட்கும். வலது காக்கியில் புண் என்று மட்டும் இருந்தால் பாதமா, முழங்காலுக்குக் கீழா என்பதை எக்ஸ்ரே அல்லது அறுவைக் குறிப்பிலிருந்து உறுதி செய்யுங்கள். இயலாவிட்டால் உறுப்பின் எந்தப் பகுதி என்று மூலம் கூறவில்லை எனக் குறிப்பிடுங்கள். அதேபோல் ‘பானாஸ் டாலாம்’ என்றால் நமக்குச் சட்டென்று புரிகிறது: உடம்புச் சூடு. ‘மாசுக் ஆங்கின்’ என்பதும் காற்று புகுந்துவிட்டது என்ற, நம் வாயுத் தொல்லைக்கு அண்ணன் முறையான ஒரு குறை. உடல்வலி, குமட்டல், குளிர், ஏப்பம் எல்லாம் அதில் அடங்கும். ‘கெசெமூத்தான்’ என்ற சொல்லுக்குள் எறும்பு இருக்கிறது. நாமும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்கிறோம்.

அனுகூலம் இருக்கும் இடத்தில்தான் வழுக்கலும் இருக்கிறது. நமக்குப் புரிந்துவிட்டது என்பதால் அதை ஆங்கில நோய்ப் பெயராக மாற்றிவிட ஆசை வரும். மாற்றக் கூடாது. ‘மாசுக் ஆங்கின்’ என்பதைச் சளிக்காய்ச்சல் என்று எழுதினால் நீங்கள் நோய் நிர்ணயம் செய்துவிட்டீர்கள். மூலச் சொல்லை அப்படியே வைத்து, அதன் நேர்ப்பொருளையும், மக்கள் எந்த அறிகுறிகளுக்கு அதைச் சொல்கிறார்கள் என்பதையும் அடைப்பில் ஒரு வரியாகத் தருவதே முறை. ‘ஆங்கின் டூடுக்’, அதாவது உட்கார்ந்த காற்று என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் பேச்சில் இது திடீர் நெஞ்சு வலியோடும் மாரடைப்போடும் சேர்த்துச் சொல்லப்படுவது. காற்று என்றதும் வயிற்றுவாயு என்று எழுதிவிட்டால் படிக்கும் மருத்துவர் இதயத்தைப் பார்க்க மாட்டார். ‘ஊலு ஹாத்தி’ என்பதில் ‘ஹாத்தி’ கல்லீரலைக் குறிக்கும் சொல்தான், எனினும் அத்தொடர் குறிப்பது மேல்வயிற்றுக் குழியை. அங்கே வலி என்றால் கல்லீரல் வலி என்று எழுதக் கூடாது. ‘கெரோக்கான்’ என்பது எண்ணெய் தடவி நாணயத்தால் முதுகைச் சுரண்டும் வீட்டு வைத்தியம். சிவந்த கோடுகள் சில நாட்கள் நிற்கும். அதை விளக்காமல் விட்டால், குழந்தையின் முதுகைப் பார்க்கும் வெளிநாட்டு மருத்துவர் யாரோ அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு.

காப்பீட்டுக்கும் குடியேற்றத்துக்கும் போகும் தாள்களில் இரண்டு சொற்களைப் பற்றி எச்சரிக்கிறேன். ஒன்று ‘அபோர்ட்டுஸ்’. இந்தோனேசிய மகப்பேற்றுக் குறிப்பில் இது தானாக நேர்ந்த கருச்சிதைவையும் உள்ளடக்கும் மருத்துவச் சொல். ‘அபோர்ட்டுஸ் இம்மினென்ஸ்’ என்றால் கரு கலையும் அபாயம் இருக்கிறது, ஆனால் கர்ப்பம் இன்னும் நிலைத்திருக்கிறது என்று பொருள். இதை ஆங்கிலத்தில் கருக்கலைப்பு என்று படிக்கும்படி எழுதினால், கையில் குழந்தையோடு நிற்கும் தாயைப் பார்த்துக் காப்பீட்டு அலுவலர் விளக்கம் கேட்பார். மற்றொன்று ‘ஆ.பே.எஸ்.’ என்ற சுருக்கம்: தன் சொந்த வேண்டுகோளின்பேரில் வீடு திரும்பினார் என்பது அதன் நேர்ப்பொருள். நடைமுறையில் மருத்துவர் அறிவுரைக்கு மாறாகப் போனவர்களுக்கும் இதையே எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அறிவுரைக்கு மாறாக என்று எழுதினால் காப்பீட்டுத் தொகை நின்றுபோகலாம். தாளில் இருப்பது வேண்டுகோள் என்ற சொல். எனவே வேண்டுகோள் என்றே எழுதுங்கள். கூடுதல் பொருளைத் தேவைப்பட்டால் மருத்துவமனை கடிதமாகத் தரட்டும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். இந்தோனேசியர் பலருக்கு ஒற்றைப் பெயர்தான் உண்டு. குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்புவதற்காக எதையும் சேர்க்கக் கூடாது. பெயருக்கு முன் ‘ஆன்’ என்று இருந்தால் அது பெயரின் பகுதியன்று, குழந்தை என்பதற்கான குறி. ‘பே யே, என் யே’ என்று இரு குறிகள் அடுத்தடுத்து வந்தால் இன்ன திருமதியின் கைக்குழந்தை என்று பொருள், பின்னால் வருவது தாயின் பெயர். எழுத்துமுறை 1947லும் 1972லும் மாறியதால் முதியவர்களின் பெயர் பிறப்புச் சான்றில் ஒரு விதமாகவும் மருத்துவமனையில் வேறு விதமாகவும் இருக்கலாம். நீங்கள் ஒன்றாக்காமல் அந்தந்தத் தாளில் இருப்பதை இருந்தபடியே எழுத வேண்டும்.

இதுவரை சொன்னவை இந்தோனேசிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு. பினாங்கில் அறுவை முடித்து ஊர் திரும்புபவருக்கு ஆங்கிலச் சுருக்கத்தை இந்தோனேசிய மொழியில் தர வேண்டியும் இருக்கும். அதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. நோய் வரலாறு என்பதற்கு மலாய்ப் பழக்கத்தில் ‘செஜாரா’ என்று கை போகும். அங்கே ‘ரிவாயாத்’ என்றுதான் எழுதுவார்கள். பரிசோதனையில் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை என்ற பொருளில் ஆங்கில மருத்துவர் எழுதும் சொல்லை நேராக மாற்றினால் வியக்கத்தக்கதாக இல்லை என்ற கேலியாகிவிடும். ‘இயல்பு வரம்புக்குள்’ என்பதே அவர்கள் வழக்கு. மருத்துவ ஆய்வில் சேருபவர்களுக்கான ஒப்புதல் படிவம் என்றால் இன்னும் கடினம். எந்த மருந்து யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கல் போல முடிவாகும் என்பதை ஒரு மீனவரும் புரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இத்தகைய படிவங்களை இந்தோனேசியத் தாய்மொழியாளர் எழுத, மூலத்தைப் பாராத மற்றொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு இந்தோனேசியக் கூட்டாளியை முதலிலேயே தேடிக்கொள்ளுங்கள். உங்கள் ஆங்கிலம் அவருக்கு உதவும், அவருடைய காது உங்களுக்கு உதவும்.

சட்ட அந்தஸ்து பற்றிச் சுருக்கமாக. இந்தோனேசியாவில் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளர்களைச் சட்ட, மனித உரிமை அமைச்சின் 2016ஆம் ஆண்டு விதிமுறை ஒழுங்குபடுத்தியது. அது இந்தோனேசியக் குடிமக்களுக்கான தகுதி. 1974இல் தொடங்கிய இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தேர்வு நடத்துகிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் தாள்கள் என்றால் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அந்நாட்டு ‘நாட்டி’ அமைப்பின் சான்று பெற்றவரைக் கேட்பார்கள். இந்தோனேசியப் பொது ஆவணங்களுக்கான அப்போஸ்டில் முறை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்பதற்காக அரசு தரும் ஒற்றைச் சான்று, 2022 ஜூன் 4 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே வேலையை ஏற்கும் முன், பெறப்போகும் அலுவலகம் எந்த முத்திரையை ஏற்கும் என்று நோயாளியையே கேட்டுவரச் சொல்லுங்கள். வெளிநாட்டு மருத்துவர் படித்துப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் முத்திரை தேவையில்லை. அத்தகைய வேலையில்தான் நீங்கள் தொடங்க வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். ஒழுங்கான வாக்கியங்களை அது நன்றாகவே மாற்றித் தருகிறது. ஆனால் இந்தத் தாள்களில் ஒழுங்கான வாக்கியங்கள் குறைவு. அதைவிட முக்கியமானது, இந்தோனேசியாவின் 2022ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக்கவனத்துக்குரிய தரவாக வகைப்படுத்தியிருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் நோயும் உள்ள தாளை இலவச இணையக் கருவியில் ஏற்றுவது, அறிமுகமற்றவர் கையில் கோப்பைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

படிக்க முடியாத கையெழுத்து வந்தால் என்ன செய்வது என்பதற்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். ஊகிக்க வேண்டாம். படிக்க இயலவில்லை என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். இரண்டு வாசிப்புகள் சாத்தியம் என்றால் இரண்டையும் கொடுங்கள். என் தொடக்க காலத்தில் ஒரு மருந்தின் பெயரை, வரி நிரம்ப வேண்டும் என்ற அவசரத்தில், எனக்குத் தெரிந்த ஒன்றாகப் படித்து எழுதிவிட்டேன். நோயாளியின் மகள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் அது வேறு மருந்து என்று தெரிந்தது. அன்றிலிருந்து, வேலை ஏற்கும்போதே நோயாளி தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே அதைக் கேட்டுப் பெறுங்கள்.